ஒரே தரம் வரும் காசும் மாதாமாதம் வரும் காசும்

வலிகாமம் வடக்கில் மீளக் குடியேறிய ஒரு குடும்பத்தினரின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். 1990 ஜூன் மாதத்தில் ஊரைவிட்டு வெளியேறி, உறவினர் வீட்டிலும் பின்னர் நலன்புரி நிலையத்திலும் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டுத் தமது காணிக்குத் திரும்பியவர்கள். பற்றை வெட்டி, தூர்ந்த கிணற்றை இறைத்து, நாலு பரப்பில் வெங்காயம் நட்டிருக்கிறார்கள். மூத்த மகன் கணினி படித்தவன். நான் போன வேளை தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

கனடாவிலுள்ள ஒரு கடைக்காரர் தமது கடைக்கு இணையத்தளம் ஒன்று செய்து தரும்படி மகனைக் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன வழிகள் இரண்டு. தளத்தைச் செய்து கொடுத்தால் 120,000 ரூபா. அத்துடன் கணக்கு முடிந்தது. அல்லது இப்போது 40,000 ரூபாவும், அதன்பின் விலைகளை மாற்றுதல், புதிய படங்களைச் சேர்த்தல், பழுது திருத்துதல் ஆகியவற்றுக்கு மாதம் 8,000 ரூபாவும்.

“தம்பி, கையிலை வாறதை வாங்கி வை. நாளைக்கு ஆர் எங்கை நிப்பம் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார் தகப்பன்.

“அப்பா, அது ஒருக்கா வந்து முடியிற காசு. இது மாசாமாசம் வாறது” என்றான் மகன்.

இந்த வாக்குவாதம் இன்று எமது வீடுகள் பலவற்றில் நடக்கிறது. படம் வரைபவர்கள், தட்டச்சு செய்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், சமையலையும் தோட்ட வேலையையும் காணொளியாக எடுத்துப் போடுபவர்கள் எனப் பல இளையோர் இணையத்தின் வழியாக உழைக்க முயல்கிறார்கள். ஒரேயடியாக விற்பதா, சிறுகச் சிறுக வர விடுவதா என்ற கேள்வி அவர்கள் எல்லோருக்கும் என்றோ ஒரு நாள் வருகிறது. அதுபற்றி என் கருத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தகப்பனின் நியாயம்

முதலில் தகப்பனின் பேச்சைப் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தென்னை காய்க்க ஆறேழு வருடங்கள் செல்லும். காய்க்கத் தொடங்கினால் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் தேங்காய் பறிக்கலாம். சின்ன வெங்காயமோ இரண்டு, இரண்டரை மாதத்தில் கைக்குக் காசாகிவிடும். எமது பெற்றோர் இரண்டையும் வைத்திருந்தார்கள். வெங்காயமும் புகையிலையும் செலவுக்கு, தென்னையும் பனையும் பிள்ளைகளின் காலத்துக்கு என்பது அவர்களின் கணக்கு.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் சனங்கள் வெளியேறியபோது, பிள்ளைகளின் காலத்துக்கென வைத்த மரங்கள் அப்படியே நின்றன. கையில் இருந்த காசும் கழுத்தில் கிடந்த நகையுமே கூட வந்தன. ஒரு தரம் அப்படிப் போனவனுக்கு நீண்ட கால வருமானம் என்ற சொல்லில் நம்பிக்கை வருவது கடினம். அதை அவனுடைய குறையென்று நான் சொல்லமாட்டேன்.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பயம் எமக்கு மாதாமாதம் ஒரு விலையை வைக்கிறது. வருவதையெல்லாம் ஒரே தரத்தில் வாங்கிச் செலவழிக்கும் குடும்பம் ஒவ்வொரு மாதமும் புதிதாக வேலை தேட வேண்டும். வேலை கிடைக்காத மாதத்தில் கடன் தேட வேண்டும்.

மகனின் கணக்கு

மகனின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இரண்டாவது வழியைத் தெரிந்தால் அவன் இப்போது விட்டுக்கொடுப்பது 80,000 ரூபா. மாதம் 8,000 வீதம் அது பத்து மாதத்தில் திரும்பி வரும். இரண்டு வருடம் நீடித்தால் மொத்தம் 232,000 ரூபா. ஆனால் கடை ஆறாம் மாதத்தில் மூடப்பட்டால் கிடைப்பது 88,000 மட்டுமே. அப்போது 32,000 ரூபா நட்டம். ஆகவே அவன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “இந்தக் கடை பத்து மாதத்துக்கு மேல் நின்று பிடிக்குமா?” என்பதே. பல வருடமாக நடக்கும் கடையா, நேற்றுத் திறந்த கடையா என்று விசாரித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, மாதக்காசு சும்மா வருவதில்லை. மாதம் எட்டு மணித்தியால வேலையென்றால் மணிக்கு 1,000 ரூபா. கடைக்காரர் நாளாந்தம் செய்தி அனுப்பி இருபது மணித்தியாலம் வேலை வாங்கினால் மணிக்கு 400 ரூபா. கறவை மாடும் மாதாமாதம் காசு தருகிறது. ஆனால் புல்லு வெட்டாமல் எந்த மாடும் பால் கறப்பதில்லை.

வாய்க்கால் யாருடைய கையில்?

இனி, மாதவருமானத்தைப் பற்றி இளையோர் அதிகம் சிந்திக்காத விடயத்துக்கு வருகிறேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, சரி. கதவைத் திறப்பவர் யார்? இரணைமடுவின் கீழ் வயல் செய்தவர்களுக்கு இக்கேள்வியின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

அமேசன் நிறுவனத்தின் பொருட்களைத் தமது பக்கத்தில் பரிந்துரைத்து, விற்பனையில் ஒரு பங்கு பெறுவோர் உலகெங்கும் உள்ளனர். 2020 ஏப்ரலில் அந்நிறுவனம் தளபாடங்களுக்கான பங்கை 8 வீதத்திலிருந்து 3 வீதமாகவும், பலசரக்குக்கான பங்கை 5 வீதத்திலிருந்து 1 வீதமாகவும் குறைத்தது. அதே வருடம் ஜூனில், புகைப்படங்களை விற்றுக் கொடுக்கும் ஷட்டர்ஸ்டொக் நிறுவனம் தனது முறையை மாற்றியது. படம் எடுத்தவரின் பங்கு 15 வீதத்தில் தொடங்கும். விற்க விற்கக் கூடும். ஆனால் ஒவ்வொரு ஜனவரி முதலாந் திகதியும் எல்லோரும் மீண்டும் அடிப்படியிலிருந்து ஏற வேண்டும். பல வருடமாகப் படங்களைச் சேர்த்து வைத்தவர்களின் வருமானம் இத்தகைய அறிவித்தல் ஒன்றினால் மாறிவிடுகிறது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

யூரியூப்பில் விளம்பரப் பங்கு பெறுவதற்கு முன் 1,000 பேர் இணைந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணித்தியாலம் மக்கள் பார்த்திருக்க வேண்டும் (குறுங்காணொளிகளுக்குக் கணக்கு வேறு). அதன் பின் நீண்ட காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 வீதம் காணொளி போட்டவருக்கு உரியது. கணக்கில் 100 டொலர் சேரும்வரை காசு வெளியே வராது. அதாவது தென்னம்பிள்ளை வைத்ததைப் போன்றதுதான். காய்க்கும்வரை வீட்டில் உலை கொதிக்க வேறு வழி வேண்டும்.

ஒரே தரம் வாங்கும் வேலையிலும் வெட்டு உண்டு என்பதை மறக்கக் கூடாது. பைவர் போன்ற தளத்தில் வேலை செய்தால் உழைத்ததில் 20 வீதம் தளத்துக்கு; மிகுதியும் வழமையாகப் பதினான்கு நாள் கழித்தே எடுக்கக்கூடியதாக இருக்கும்.

நிற்கும் செலவும் ஒரு வருமானமே

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். தகப்பனும் மகனும் பேசி ஓய்ந்தபின் தாயார் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். நீரிறைக்கும் இயந்திரம் பழுது. திருத்த 20,000 ரூபா. ஊரில் வாங்கிய கடன் 60,000 ரூபா. நூற்றுக்கு ஐந்து மாதவட்டி. அதாவது வட்டி மட்டும் மாதம் 3,000 ரூபா வெளியே போகிறது. முதல் அப்படியே நிற்கிறது.

இந்தக் கொப்பியைத் திறக்காமல் எந்தக் குடும்பமும் இக்கேள்விக்கு விடை காண முடியாது. மாதாமாதம் போகும் காசை நிறுத்துவதும் மாதாமாதம் வரும் காசுதான். 60,000 ரூபாவை இன்று கட்டினால் அடுத்த மாதம் முதல் 3,000 ரூபா வீட்டில் தங்கும். அதற்கு ஒரு மணித்தியால வேலையும் இல்லை. கனடாக் கடை மூடினாலும் அது நிற்காது. வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு மாதவருமானத்துக்காகக் காத்திருப்பது, ஓட்டைப் பட்டையால் துலா மிதிப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே என் கருத்து இதுதான். வட்டி ஓடும் கடன் இருக்கும்வரை, மூன்று மாதச் சாப்பாட்டுக்குக் கையில் இல்லாதவரை, ஒரே தரக் காசை வாங்குங்கள், வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் வாங்கிய காசு கடனை அடைக்கவோ, உழைக்கும் பொருளைத் திருத்தவோ போக வேண்டும். கொண்டாட்டத்துக்கும் புதிய கைத்தொலைபேசிக்கும் போனால் தகப்பனின் நியாயம் தோற்றுவிடும். அந்த நிலையைத் தாண்டியவர்கள் கிழமையில் ஒரு பகுதி நேரத்தையாவது தொடர்ந்து பயன்தரும் வேலைக்கு ஒதுக்க வேண்டும். அதையும் ஒரே தளத்தில், ஒரே ஆளிடத்தில் வைக்கக் கூடாது.

சொல்லப்பட்ட இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தெரிய வேண்டும் என்ற சட்டமும் இல்லை. அந்தத் தாயாரின் யோசனைப்படி மகன் கடைக்காரருக்கு எழுதினான்: இப்போது 80,000, மாதம் 5,000. அவர் மாதம் 4,500 ரூபாவுக்குச் சம்மதித்தார். கடன் அடைந்தது, இயந்திரம் ஓடுகிறது. ஒன்பது மாதம் கடந்தால் மிகுதியெல்லாம் இலாபமே. மாதத்துக்கு எத்தனை மணித்தியால வேலை, எத்தனையாந் திகதி காசு, நிறுத்துவதானால் எவ்வளவு காலத்துக்கு முன் அறிவிப்பது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டான். குத்தகைக்குக் காணி எடுக்கும்போது நாம் எழுதாமலா விடுகிறோம்?

ஒரு எச்சரிக்கை

மாதவருமானம் என்ற பெயரில் வேறொன்றும் எமது கிராமங்களுக்குள் வருகிறது. “50,000 ரூபா போட்டால் மாதாமாதம் காசு, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் அதைவிடக் கூட” என்கிறார்கள். இது உழைப்புமல்ல, வருமானமுமல்ல. பின்னால் வருபவரின் காசை முன்னால் வந்தவருக்குக் கொடுப்பது. சேர ஆளில்லாத நாளில் எல்லாம் நின்றுவிடும். கடைசியாகச் சேர்ந்த ஏழை அழுவான். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் கீழ் இத்தகைய பிரமிட் திட்டங்களை நடத்துவதும் பரப்புவதும் குற்றம். தடைசெய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. யாராவது மாதவருமானம் பற்றிப் பேச வந்தால், “இதில் நான் செய்யும் வேலை என்ன? அதை வாங்குபவர் யார்?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் விடை இல்லையென்றால் படலையைச் சாத்திவிடுங்கள்.

இன்னொரு சிறு விடயம். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையால் வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் வரி உண்டு. காசு வெளிநாட்டு நாணயமாக வங்கியூடாக வந்தால் அது 15 வீதத்துக்கு மேற்படாது. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் எம்மவரில் பலரை இது தொடாது. எனினும் வங்கிச் சீட்டுகளைக் கவனமாக வைத்திருப்பது நல்லது.

அன்று நாம் விட்டு வந்த தென்னைகளை எண்ணி எண்ணி ஆறாத நெஞ்சங்கள் இன்னும் உள்ளன. திரும்பி வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். முதற் போகத்துக்கு வெங்காயம் நடுகிறார்கள். அதே கையால் வேலியோரத்தில் தென்னம்பிள்ளையும் வைக்கிறார்கள். காணியில் நாம் அறிந்த இந்த ஒழுங்கை, கணினிக்கு முன்னால் இருக்கும் எமது பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.