உடலைக் கைவிடாத நம்பிக்கை

மலேசியாவில் கிறிஸ்துமஸுக்கு நாடு முழுவதும் விடுமுறை. பெரிய வெள்ளிக்கு சபா, சரவாக் மாநிலங்களில் மட்டும்தான், பினாங்கில் இல்லை. பட்டர்வொர்த் துறைமுகத்தை ஒட்டிய பாகான் டாலாமில் வேலைக்குப் போகும் தமிழ்க் கிறிஸ்தவர் அன்று கோயிலுக்குப் போக லீவு எடுக்க வேண்டும். டிசம்பரில் பேரங்காடிகளை நிறைக்கும் விளக்கும் பாட்டும் உயிர்ப்பு ஞாயிறுக்கு வருவதில்லை.

கிறிஸ்தவத்தின் தொடக்கத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. திருத்தூதர் பவுலின் கடிதங்கள் இயேசு பிறந்த பெத்லகேம் கதையைச் சொல்வதே இல்லை. மாற்கு நற்செய்தி இயேசு ஆளான பிறகே தொடங்குகிறது. டிசம்பர் 25 கொண்டாட்டத்துக்குத் தெளிவான சான்று 4ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது. ஞாயிறு கூடுகையோ முதல் தலைமுறையிலேயே வந்துவிட்டது. சனிக்கிழமையை ஓய்வுநாளாகப் போற்றி வளர்ந்த யூதர்கள், இயேசு உயிர்த்த நாள் என்று வாரத்தின் முதல் நாளில் கூடினார்கள்.

கி.பி. 55 வாக்கில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் இந்த உயிர்ப்பைப் பற்றியது. கொரிந்து இருபுறமும் துறைமுகம் உள்ள ஊர். அடிமைகளும், விடுதலை பெற்ற அடிமைகளும், கடலை நம்பிப் பிழைத்தவர்களும் வாழ்ந்த இடம். பாகான் டாலாம்காரருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அங்கே சபையில் சிலர், செத்தவர் எழுந்திருப்பதாவது என்று கேட்டார்கள். ஆன்மா அழியாது என்பது கிரேக்க உலகில் பழகிய கருத்து. உடல் திரும்ப எழும் என்பதுதான் அவர்களுக்குத் தொண்டையில் சிக்கியது.

பவுல் இறங்கி வரவில்லை. கிறிஸ்து எழவில்லை என்றால் தன் போதனை வெறுமை, அவர்கள் நம்பிக்கை வீண், தானும் பொய்ச்சாட்சி, இறந்த உறவினர்கள் போனவர்கள் போனவர்களே என்று தானே எழுதிவைக்கிறார். கண்டவர்களையும் வரிசைப்படுத்துகிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு உயிர்த்த இயேசு ஒரே நேரத்தில் தோன்றியதாகச் சொல்லி, பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதாகவும் சேர்க்கிறார். சந்தேகப்படுபவர் போய்க் கேட்கலாம் என்பதே அதன் பொருள். இத்தனையையும் ஒரே நிகழ்ச்சியின்மேல் நிறுத்தும் துணிச்சல் வியக்க வைக்கிறது. கிறிஸ்தவத்தை நல்லொழுக்கப் போதனையாகச் சுருக்குபவர்கள் இந்த அதிகாரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இது ஏட்டோடு நிற்கும் விஷயமல்ல. தமிழ்க் குடும்பங்களில் ஒரே கூரையின்கீழ் இந்துவும் கிறிஸ்தவரும் இருப்பது உண்டு. சாவு விழுந்தால் புதைப்பதா, எரிப்பதா, அஸ்தியைக் கடலில் கரைப்பதா என்ற கேள்வி எழுகிறது. எரித்துக் கரைப்பதில் உடல் ஐம்பூதங்களோடு சேர்கிறது என்ற ஆழமான பார்வை உண்டு. அதை மதிக்கத்தான் வேண்டும். கிறிஸ்தவம் வேறு இடத்தில் நிற்கிறது. ஐரோப்பாவில் சிலர் உயிர்ப்பை மறுக்கும் அடையாளமாகத் தகனத்தை முன்வைத்த சூழலில், 1886இல் கத்தோலிக்கத் திருச்சபை அதைத் தடை செய்தது. 1963இல் தடை நீங்கியது: சாம்பலிலிருந்தும் எழுப்பக் கடவுளால் முடியும், ஆகவே தகனம் நம்பிக்கைக்கு எதிரானதல்ல. ஆனால் 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், அஸ்தியைத் தூவக் கூடாது, வீட்டாருக்குள் பங்கிடக் கூடாது, கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது கடுமையாகப் படலாம். அந்த உடல் கழற்றிப் போட்ட சட்டை அல்ல என்ற பிடிவாதம்தான் அதற்குள் இருக்கிறது.

தோமாவை இங்கே நினைக்காமல் முடியாது. காயங்களைத் தொட்டால்தான் நம்புவேன் என்ற அந்தச் சீடர் மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. சாந்தோம் பேராலயம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசு அவருக்குக் காட்டியது தழும்புகளை. புது உடலிலும் ஆணி இறங்கிய இடம் மறையவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு வளைந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. உழைத்துத் தேய்ந்த உடலையும் கடவுள் தன்னோடு வைத்துக்கொள்கிறார்.

பவுல் அந்த நீண்ட அதிகாரத்தை, ஆண்டவருக்காகப் படும் பாடு வீணாகாது என்று முடிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் வரிகளிலேயே காணிக்கைப் பேச்சுக்கு வருகிறார்: வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்கேற்ப எடுத்து வைக்க வேண்டும், அந்தப் பணம் எருசலேமில் இருக்கும் ஏழைகளுக்குப் போக வேண்டும்.