கடைத்தெரு வீடா, காட்டோர வீடா?



சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நான்கு பக்கம் நீண்டிருந்தது. எழுதியவர் சிற்றூர்ப் பங்கு ஒன்றைச் சேர்ந்த குடும்பத் தலைவர். இராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் அவருக்கு மேற்பார்வையாளர் பணி கிடைத்திருக்கிறது. மனைவியார் செவிலியர், அதே ஊரில் மருத்துவமனை வேலைக்குச் சேரவிருக்கிறார், வாரத்தில் பாதி நாள்கள் இரவு 9 மணிக்கு மேல்தான் வீடு திரும்ப இயலும். பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லும் மகள், எட்டாம் வகுப்பு மகன், கண்பார்வை மங்கிய தாயார் ஆகியோரும் உடன் வருகிறார்கள்.

பார்த்து வைத்திருக்கும் வீடுகள் மூன்று. முதலாவது, பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் கடைகளுக்கு மேலுள்ள மாடி வீடு. இரண்டாவது, நகருக்கு மேற்கே மலையை நோக்கிச் செல்லும் சாலையோரத்தில் புதிதாய்ப் பிரித்த மனைகளுக்கு நடுவே நிற்கும் தனி வீடு. வாடகை குறைவு, காற்றோட்டம் மிகுதி. மூன்றாவது, 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரோடும் வீதிகளுக்கு அருகில் உள்ளது. தமக்குப் பிடித்தது முதல் வீடே என்று எழுதுகிறார். ஆனால் அவருடைய பெரியப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாராம்: “வயது வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு கடைத்தெருவிலா குடியிருப்பது?”

பெரியவரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. நாற்பது வீடுகள் உள்ள ஊரில், யார் எப்பொழுது கிணற்றடிக்குப் போனார் என்பதுகூட எல்லாருக்கும் தெரிந்திருக்கும் இடத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1,30,000 பேரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75,000 பேரும் வாழ்ந்தனர். பெயர் தெரியாத முகங்கள் இத்தனையைக் கண்டால் மனம் கலங்குவது இயல்பே. ஆயினும் 1936-ல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லை நிறுவிய காலந்தொட்டு, மூட்டை முடிச்சுகளோடு இந்நகருக்கு வந்திறங்கிய குடும்பங்கள் எண்ணிறந்தவை. இவர்கள் முதல் குடும்பம் அல்லர்.

வீடு மாறும் வேளையில் திருக்குடும்பத்தை நினைவுகூர்வது நம் வழக்கம். எகிப்தினின்று திரும்பிய புனித சூசையப்பர், ஏரோதின் மகன் அர்க்கெலாவு யூதேயாவை ஆள்கிறான் என்று கேள்வியுற்று அங்குச் செல்ல அஞ்சினார் என மத்தேயு நற்செய்தி கூறுகிறது. பாலனும் தாயும் உடனிருக்கையில், ஊர்ச் செய்திகளை விசாரித்து அஞ்சுவது விசுவாசக் குறைவு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அவர் சென்று குடியேறிய இடத்தையும் பாருங்கள். நாசரேத்துக்கு நற்பெயர் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அவ்வூரிலிருந்து நல்லது வருமா என்று நத்தனயேல் ஐயுற்றதை யோவான் நற்செய்தியில் காண்கிறோம். ஊராரின் மதிப்பு வேறு, ஓர் இடத்தின் பாதுகாப்பு வேறு. பெரியப்பா பேசுவது பெரும்பாலும் முன்னதைப் பற்றியே என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, கடைத்தெரு என்பது உண்மையிலேயே ஆபத்தான இடமா? ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961-ல் எழுதிய நூல் உலகெங்கும் பேசப்பட்டது. அவர் நகரமைப்புப் பட்டம் பெற்றவர் அல்லர். நியூயார்க் நகரில் கடைகள் நெருங்கிய ஹட்சன் தெருவில் பிள்ளைகளோடு வாழ்ந்த இல்லத்தரசி, பத்திரிகையாளர். ஒரு நாள் தம் சன்னல் வழியே அவர் கண்டது இது: எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரு மனிதர் கூட வருமாறு வற்புறுத்துகிறார், அவளோ விறைத்து நிற்கிறாள். அம்மையார் கீழே இறங்கலாமா என்று எண்ணுவதற்குள் இறைச்சிக் கடைக்காரரின் மனைவி வெளியே வந்து நிற்கிறார். பழக்கடைக்காரர், சலவைக் கடைக்காரர், பூட்டுச் செய்பவர் எனத் தெருவே அம்மனிதரைச் சூழ்ந்துவிடுகிறது. கடைசியில் அவர் அச்சிறுமியின் தந்தையே என்று தெரிய வந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் பல இருந்தால் அத்தெரு தானே தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது அவர் முடிவு. பகலெல்லாம் வணிகம் நடந்து, மாலையில் ஆளரவமற்றுப் போகும் பகுதிகளை அவர் இக்கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்த் தெருக்களிலும் இது பொருந்துகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடையும் பூக்கடையும் தேநீர்க் கடையும் திறந்திருக்கும் வீதியில் இரவு எட்டரை மணிக்கு நடந்துபோகும் பெண்ணை நான்கு பேராவது பார்க்கிறார்கள். அவர்களில் இருவர் அவள் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லக்கூடியவர்களாய் இருப்பார்கள். கிராமத்துக் கிணற்றடியின் வேலையைத்தான் அந்தக் கடைகள் செய்கின்றன. மலைப்பக்கத்துத் தனி வீட்டில் அந்தக் கண்கள் இல்லை. பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து வீட்டு வாசல்வரை எத்தனை விளக்குக் கம்பங்கள், அவற்றுள் எரிபவை எத்தனை என்று கடிதத்தில் இல்லை. “நல்லதொரு நாய் வளர்த்தால் போயிற்று” என்று ஒரு நண்பர் சொன்னாராம். இராஜபாளையத்து வெள்ளை நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005-ல் அஞ்சல் தலையே வெளியிட்டது. அதன் காவல் திறமையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு மனிதர் வராத இடம் என்பதாலன்றோ நாய் வேண்டியிருக்கிறது? அடிவாரத் தோப்புகளில் யானையும் காட்டுப்பன்றியும் இறங்குவதைப் பற்றி நாம் சொல்லவே தேவையில்லை. தென்னை வைத்திருப்பவரைக் கேட்டால் போதும்.

இவ்வாறு கூறுவதால் மாடி வீட்டுக்கு நாம் நற்சான்று வழங்கிவிட்டதாகக் கொள்ளற்க. கடைத்தெருவின் மெய்யான ஆபத்துகள் வேறு. பெரியப்பா அவற்றைக் குறிப்பிடவில்லை. முதலாவது சாலை. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. சாலை விபத்துகளில் மாண்டவர்களோ 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலைதான் இராஜபாளையத்து நடுவே தென்காசி சாலையாக ஓடுகிறது. கண் மங்கிய பாட்டி காலைப் பூசைக்குப் போக அதைக் கடக்க வேண்டுமா, வேண்டாமா? திருடனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

இரண்டாவது நெருப்பு. கீழே உள்ள கடைகளில் என்ன சரக்கு? பஞ்சும் துணியும் வணிகமாகும் ஊர். சிவகாசியும் அருகில்தான் இருக்கிறது. பஞ்சுப் பொதியோ, பட்டாசோ, எரிவாயு உருளையோ அடுக்கிவைத்திருக்கும் கிடங்கின்மேல் உறங்குவது தகாது. மாடிக்கு ஏறும் படி ஒன்றா, இரண்டா? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளை நாம் இழந்தோம். கூரையில் பிடித்த தீயுடன், வெளியேறப் போதிய வழியில்லாமையும் சேர்ந்தே அவர்களைக் கொன்றது. ஒரே குறுகிய படியும், அதன் அடியில் கடைக்காரரின் சாக்கு மூட்டைகளும் இருக்குமானால், அவ்வீட்டை எவ்வளவு குறைந்த ஒத்திக்குத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது ஆபத்து எந்தத் தெருவுக்கும் உரியதன்று. எழுதக் கூச்சமாயிருப்பினும் எழுதுகிறோம். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர், பாதிக்கப்பட்டவருக்கு முன்பே அறிமுகமானவர் என்று தேசியக் குற்றப் பதிவேட்டுப் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. தெருமுனையில் நிற்கும் அந்நியனுக்காகக் கதவைத் தாழிட்டுவிட்டு, உள்ளே வந்துபோகும் பழகிய மனிதரை நாம் கவனிக்காமல் இருந்துவிடுகிறோம். ஒரே காம்பவுண்டில் குளியலறை பொதுவாக இருக்கிறதா, பெற்றோர் இருவரும் வேலையில் இருக்கையில் வீட்டுக்கு வருவோர் யார் என்பவை வீட்டு வாடகையோடு சேர்த்து எண்ண வேண்டியவை. குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181 என்னும் எண்கள் மகனுக்கும் மகளுக்கும் மனப்பாடமாய்த் தெரியட்டும்.

நிற்க. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: “நம்மவர்கள் இருக்கும் தெருவாய்ப் பார்த்தால் பாதுகாப்பு என்கிறார்கள்.” நம்மவர்கள் என்றால் கத்தோலிக்கரா? இல்லை, எந்தப் பொருளில் அச்சொல் வழங்குகிறது என்பதை இம்மாவட்டத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியதையொட்டி இங்குச் சாதிக் கலவரம் மூண்டது. அதன்பின், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. விருதுநகர் மாவட்டத்துக்கு இன்றைய பெயர் வந்ததும் அவ்வாறே. அடிபட்ட குடும்பத்தின் தாய் இன்றும் தன் மக்கள் நடுவே வீடு தேடுவாளாயின், அவளைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. அது நினைவின் பயம். ஆனால் அடிபடாத நம்மில் பலர், “நல்ல ஏரியா” என்னும் இனிய சொல்லுக்குள் ஒரு வேலியை ஒளித்து வைத்திருக்கிறோம். ஞாயிறன்று ஒரே பந்தியில் நற்கருணை வாங்கியவர், திங்களன்று தம் வீட்டு மாடியைக் கேட்டு வருபவரிடம் முதலில் ஊரைக் கேட்டு, பிறகு தெருவைக் கேட்டு, அதன்பின் “வீடு ஏற்கெனவே பேசியாயிற்று” என்று சொல்லி அனுப்புகிறார். இதை நாம் கேள்வியுறும்போதெல்லாம் நாணுகிறோம். நம் அன்பர் எத்தரப்பினர் என்று நமக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டோம். அந்த வரியைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதற்குமுன், அது அச்சமா, அருவருப்பா என்று அவரே தம் மனச்சான்றைக் கேட்கட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அமைதியான ஊர்; நீதிமன்றமும் கோயிலும் சார்ந்து வளர்ந்த நகர். ஆடிப்பூரத் தேரோட்ட நாளில் மட்டும் வீட்டை விட்டு வெளியே வருவது கடினம். அதை ஒரு குறையாகக் கூற மாட்டோம். மனைவியார் இரவு 9 மணிக்குப் பணி முடித்து, பேருந்துக்குக் காத்து நின்று, 12 கிலோமீட்டர் பயணம் செய்து வீடு சேர்வது எத்தனை மணிக்கு? அந்த இரவுகளில் பிள்ளைகளுடன் இருப்பவர் கண் தெரியாத பாட்டி மட்டுமே. அவர் இராஜபாளையத்தில் வேலை ஏற்காதிருந்தால் நம் விடை ஒருவேளை ஸ்ரீவில்லிபுத்தூராகவே இருந்திருக்கும்.

ஆகவே நம் சாய்வு பஞ்சு மார்க்கெட் மாடி வீட்டின் பக்கமே. ஆனால் முன்பணத்தை இன்றே கொடுத்துவிட வேண்டாம். ஒரு சனிக்கிழமை கணவனும் மனைவியும் அத்தெருவுக்குச் செல்லட்டும். விடியற்காலையில் ஒருமுறை, பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை, மதுக்கடை மூடும் இரவு 10 மணிக்கு ஒருமுறை மருத்துவமனையிலிருந்து வீட்டுப் படிவரை நடந்து பாருங்கள். கடைகள் சாத்திய பிறகு மாடிகளில் விளக்கு எரிகிறதா, குடித்தனங்கள் இருக்கின்றனவா, அல்லது வெறும் கிடங்குகளா என்று பாருங்கள். கிடங்குகள் மட்டுமே என்றால் வேறு தெரு தேடுங்கள். கீழ்க்கடைக்காரரோடு ஒரு தேநீர் அருந்துங்கள்; பங்குத் தந்தையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்றை மட்டும் கேட்க மறந்தோம். பெரியப்பா சொன்னது, நண்பர் சொன்னது, மைத்துனர் சொன்னது எல்லாம் அந்த நான்கு பக்கத்தில் இருக்கின்றன. எந்தப் பிள்ளையை முன்னிட்டு இத்தனை விவாதமோ, அந்த மகள் சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை. சனிக்கிழமை நடைக்கு அவளையும் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும்.