51-ஆம் பிரிவு எங்கே போனது?

"கடல் கடந்து கரும்புத் தோட்டம் வளர்த்தவன் தமிழன்" என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறார்கள். அந்தத் தமிழன் ஏன் கடல் கடந்தான் என்று கேட்டால் பஞ்சம் என்பார்கள். பஞ்சம் உண்மைதான். ஆனால் பஞ்சத்தில் முதலில் செத்தவன் நிலமில்லாதவன். அவன் ஏன் நிலமில்லாதவனாக இருந்தான் என்ற கேள்வி வந்ததும் மேடை அமைதியாகிவிடும்.

நாம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டால் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பகுதிகளின் சேரிகளிலிருந்து கிளம்பியவர்கள் அவர்களில் கணிசம். கப்பல் பட்டியலில் அவர்களுடைய சாதியை எழுத மறக்கவில்லை.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. முதல் ஆண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாம் ஆண்டில் 14. பத்து ஆண்டுகள் காலனியில் இருந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். இதோடு இன்னொரு வாக்குறுதியும் இருந்தது. நேட்டாலின் 1870-ஆம் ஆண்டு 2-ஆம் எண் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, திரும்பும் கப்பல் கட்டணத்துக்குப் பதிலாக அதே மதிப்புள்ள அரசு நிலத்தை வாங்கிக்கொள்ள வழி செய்தது.

சொந்த ஊரில் நாலடி நிலத்துக்கும் மிராசுதாரின் தயவில் கிடந்தவனுக்கு இந்த வரி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் மிகச் சிலருக்கே நிலம் கிடைத்தது. 1891-ல் அந்த வாக்குறுதியையே நேட்டால் கைவிட்டது.

ஏன்? ஒப்பந்தம் முடிந்தவர்கள் டர்பனைச் சுற்றிலும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். கூடையில் சுமந்து வீடு வீடாக விற்றார்கள். கூலியாக வந்தவன் விவசாயியாக நிற்பதை வெள்ளைக் குடியேறிகளால் தாங்க முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் வேலை செய், முடிந்ததும் கிளம்பு என்றார்கள். நம் ஊர் ஆண்டைக்கும் இதே ஆசைதானே? உழைப்பு வேண்டும், உழைப்பவன் பக்கத்தில் குடியிருக்கக் கூடாது.

அடுத்துத்தான் 'பேச்சுவார்த்தை' வருகிறது. 1893-ல் தன்னாட்சி பெற்ற நேட்டால், பின்ஸ், மேசன் என்ற இருவரை இந்தியாவுக்கு அனுப்பியது. ஒப்பந்தம் முடிந்ததும் தொழிலாளி ஊர் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது அவர்கள் கேட்ட மாற்றம். இரண்டுக்கும் மறுப்பவன் ஆண்டுக்கு 25 பவுன் வரி கட்டட்டும் என்றது நேட்டால். வைஸ்ராய் எல்ஜினின் அரசு 25 அதிகம் என்றது, 3 பவுனுக்குச் சம்மதித்தது. 1895-ன் 17-ஆம் எண் சட்டமாக அது வந்தது.

இதைத்தான் சில வரலாற்று நூல்கள் 'சமரசம்' என்று எழுதுகின்றன. கணக்குப் போடுங்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டின் உச்சக் கூலியில் நான்கு மாதத்துக்கும் மேலான சம்பளம். 1903-ல் இதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: 16 வயதுப் பையன், 13 வயதுப் பெண். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பவுன். நிலம் தருகிறேன் என்ற ஒப்பந்தம், இருப்பதற்கே பணம் கட்டு என்ற ஒப்பந்தமாக மாறியது. மாற்றிய அறையில் இரண்டு அரசுகள் இருந்தன. கைநாட்டு வைக்கவேண்டியவன் இல்லை.

அவன் பேசத் தெரியாதவன் அல்ல. 1871-ல் நேட்டாலிலிருந்து சென்னை திரும்பியவர்கள் கொடுமைகளைப் புகாராகச் சொன்னார்கள். அதனால் 1872-ல் விசாரணை ஆணையம் வந்தது. குறைகள் சரிசெய்யப்பட்ட பிறகுதான் 1874-ல் ஆள் அனுப்புவது மீண்டும் தொடங்கியது. 1913-ல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். 1914-ல் 3 பவுன் வரி ஒழிந்தது. காந்தியின் வெற்றி என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சிறைக்குப் போனவனும் சுடப்பட்டவனும் பெயரில்லாத கூலிகள். அந்த வெற்றியிலும் ஒன்றைக் கவனியுங்கள். வரி போனது, நிலம் வரவில்லை. குடியிருப்பு உரிமையை விட்டுக்கொடுத்தால் இலவசக் கப்பல் உண்டு என்று அதே 1914 சட்டம் சொன்னது.

இனி ஊருக்கு வருவோம். நேட்டால் நில வாக்குறுதியைக் கைவிட்ட அதே 1891-ல்தான் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றிய அறிக்கையை எழுதினார். 1892-ல் பஞ்சமி நில அரசாணை வந்தது. பத்து ஆண்டுக்குக் கைமாற்றக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கொடுக்கலாம் என்பது நிபந்தனை. எவ்வளவு உறுதியான வரிகள்! அந்த நிலம் இன்று யார் கையில்? 1994-ல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்ட போராட்டத்துக்குக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள்.

வெள்ளைக்காரன் நல்லவனா கெட்டவனா என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். திரமென்ஹீரும் அவன் அதிகாரிதான், பின்ஸும் மேசனும் அவன் அதிகாரிகள்தான். நல்ல அதிகாரி எழுதிய வரியை அடுத்த அதிகாரி அழிக்கலாம். அழிக்க முடியாதபடி காவல் நிற்க வேண்டியது நாம். சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது என்பதற்காகத் தூங்கப் போனவர்கள் விழிக்கும்போது அந்த வரி இருப்பதில்லை.

ஆகவே, தோழர்களே, முழக்கத்தோடு நிறுத்த வேண்டாம். உங்கள் ஊரின் அ-பதிவேட்டையும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பழையதில் பஞ்சமி என்றிருந்த சர்வே எண் புதியதில் யார் பெயரில் பட்டாவாக நிற்கிறது என்று வரி வரியாக ஒப்பிடுங்கள். சேரியின் பெரியவர்களைக் கூட்டிப் படித்துக் காட்டுங்கள். நிலம் பற்றி ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு என்று யாராவது அழைத்தால் முதலில் கேளுங்கள்: எங்கள் நாற்காலி எங்கே?

நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றிப் பேசுவதற்குப் பெயர் பேச்சுவார்த்தை அல்ல. அது பேரம்.