வலிக்கலையா... அப்போ அவசியம் டாக்டரிடம் காட்டுங்க! காதோரக் கட்டிகள் சொல்லும் சேதி

தாம்பரத்தைச் சுற்றி மூன்று வீடுகளைக் கற்பனை செய்துகொள்வோம்.

சேலையூரில் ஆறு வயதுப் பையன். காய்ச்சலோடு எழுந்தவனுக்கு இரண்டு கன்னமும் உப்பியிருக்கிறது. பாட்டி பார்த்த உடனே, “பொன்னுக்கு வீங்கிடா கண்ணு” என்று தன் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போடுகிறார்.

பல்லாவரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர். மதியம் சாப்பிட உட்கார்ந்த சில நிமிடங்களில் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு விண்விண்ணென்று வலிக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்தும் விடுகிறது.

பெருங்களத்தூரில் ஓர் அம்மா. காதுமடலுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் வந்த கட்டி, இரண்டு வருடத்தில் நெல்லிக்காய் அளவாகியிருக்கிறது. வலி இல்லை. “பொண்ணு கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார்.

பையனைப் பார்த்து வீடே பதறுகிறது. ஓட்டுநர் வலிக்கு மாத்திரை வாங்குகிறார். அம்மாவின் கட்டியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஆனால், தள்ளிப்போடவே கூடாதது அந்தக் கட்டிதான்.

எச்சில் எங்கிருந்து வருகிறது?

நம் வாயில் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. இதற்கு மூன்று ஜோடி பெரிய சுரப்பிகள் இருக்கின்றன. காதுக்கு முன்னால் ஒரு ஜோடி, தாடை எலும்புக்குக் கீழே ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் என்று நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகளும் உண்டு. இவற்றில் எதில் வேண்டுமானாலும் வீக்கமோ கட்டியோ வரலாம்.

பையனுக்கு என்ன?

பொன்னுக்கு வீங்கி ஒரு வைரஸ் தொற்று. காதோரச் சுரப்பிகளைத் தாக்கும். ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. ஓய்வு, தண்ணீர், காய்ச்சல் மருந்து, மென்மையான உணவு போதும். புளிப்பு சாப்பிட்டால் வலி கூடும். சங்கிலி போடுவதால் கெடுதல் இல்லை, குணமும் இல்லை. வீக்கம் தொடங்கி ஐந்து நாள்கள் வரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது.

கடுமையான தலைவலி, தொடர் வாந்தி, கழுத்து விறைப்பு, காது கேட்பதில் குறை, விதைப்பையில் வீக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு 2017-ல் கொண்டுவந்த தடுப்பூசி தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கு மட்டுமானது. பொன்னுக்கு வீங்கியையும் தடுப்பது எம்.எம்.ஆர் ஊசி. உங்கள் குழந்தைக்கு எது போடப்பட்டது என்று தடுப்பூசி அட்டையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓட்டுநருக்கு என்ன?

சாப்பிடும்போது வீங்கி, பிறகு வடிந்தால் பெரும்பாலும் உமிழ்நீர்க் குழாயில் கல். பத்தில் எட்டு கற்கள் தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியில்தான் வருகின்றன. அங்கே சுரக்கும் எச்சில் சற்றுக் கெட்டியானது. அதன் குழாயும் கீழிருந்து மேல்நோக்கிப் போகிறது. அதனால் தேங்கிப் படிவது எளிது.

நாள் முழுக்க வெயிலில் இருந்துகொண்டு, தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நிறைய தண்ணீர் குடிப்பது, வெதுவெதுப்பான ஒத்தடம், எச்சில் ஊறவைக்க எலுமிச்சைத் துண்டைச் சப்புவது ஆகியவற்றால் சின்னக் கல் வெளியேறலாம். பொன்னுக்கு வீங்கியில் ஆகாத புளிப்பு, இங்கே உதவும். காய்ச்சல் வந்தாலோ, வாய்க்குள் சீழ் வந்தாலோ, வீக்கம் வடியாமல் நின்றாலோ கை வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

அம்மாவின் கட்டி

முதலில் நல்ல செய்தி. காதோரச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பத்தில் எட்டு புற்றுநோய் அல்ல. ஆனால், அந்தச் சாதாரணக் கட்டிகளும் வலிப்பதில்லை, புற்றுநோய்க் கட்டியும் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. தொட்டுப் பார்த்து வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்தச் சுரப்பியில் அதிகம் வருகிற சாதாரணக் கட்டி, வருடக்கணக்கில் விட்டுவைத்தால் சில பேருக்குப் புற்றுநோயாக மாறவும் கூடும்.

சுரப்பி சிறிதாக ஆக, கவலை கூடுகிறது. தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியில் வரும் கட்டிகளில் பாதிக்குப் பாதி புற்றுநோயாக இருக்க வாய்ப்பு உண்டு. அண்ணத்தில் ஆறாத புண்ணோ, உருண்டையோ இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

முகத்தை அசைக்கும் நரம்பு காதோரச் சுரப்பிக்குள்ளேதான் கிளை பிரிகிறது. கட்டி இருக்கும் பக்கம் கண் மூடவில்லை, வாய் கோணுகிறது என்றால் அது அபாய அறிகுறி. கட்டி சிறிதாக இருக்கும்போதே எடுத்தால், நரம்பைக் காப்பாற்றுவது அறுவை சிகிச்சை நிபுணருக்கு எளிது. ‘கொழுப்புக் கட்டிதான்’ என்று சொல்லி, பரிசோதனை இல்லாமல் கீறி எடுக்கச் சம்மதிக்காதீர்கள். கட்டி உடைந்து சிதறினால் அதே இடத்தில் பல கட்டிகளாகத் திரும்ப வரலாம்.

எடுத்த பிறகும் வருடா வருடம் பரிசோதனை தேவை. அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி க்வின்னுக்கு 1997-லும் 2007-லும் காதோரச் சுரப்பியிலிருந்து எடுத்த கட்டிகள் சாதாரணமானவை. 2010-ல் கண்டுபிடிக்கப்பட்டது புற்றுநோய். 2014-ல், 54 வயதில் அவர் இறந்தார்.

எல்லாமே சுரப்பி இல்லை

தாடையோரம் தட்டுப்படுவது நெறிக்கட்டியாகவும் இருக்கலாம். சொத்தைப் பல், தொண்டைப்புண் இருந்தால் நெறி கட்டும். வாரக்கணக்கில் வடியாமல் இருந்தால் காசநோயா என்றும் பார்க்க வேண்டும். காசநோய்க்காக 1928-ல் தொடங்கிய மருத்துவமனையால் பேர் வாங்கிய சானடோரியம் நம் பக்கத்திலேயே இருந்தும், அது நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். கழுத்திலும் வரும், மாத்திரையில் குணமாகும். வாயும் கண்ணும் சேர்ந்து வறண்டு, இரு பக்கமும் வீங்கினால் அது எதிர்ப்பு சக்திக் கோளாறாக இருக்கலாம்.

எங்கே, எப்படி?

எந்தக் கட்டியும் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இந்தப் பகுதியினர் போய்வரும் தூரம்தான். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அடுத்து மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பரிசோதனை, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி நடப்பது மிக மிக அரிது. பயந்து தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து அதிகம்.

பற்றுப் போடுவது, அழுத்திப் பிசைவது, மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்குவது ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

பெருங்களத்தூர் அம்மாவைப் போல உங்கள் வீட்டிலும் யாராவது, காதோரம் கை வைத்துக்கொண்டு ‘வலியே இல்லையே’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்னால், அவருக்கு ஒரு ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.