ஊசி மட்டும் போதாது

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதால் வரலாற்றில் இடம் பெற்றது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் எல்லைப்பகுதி அது. அந்த ஊரில் ஒரு சிறுவனுக்கு ஹீமோபிலியா எனப்படும் ரத்தம் உறையாமை நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட வாசலில் தடுக்கி விழுகிறான், முழங்கால் வீங்குகிறது. கூலி வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் அவனைத் தூக்கிக்கொண்டு பங்காருப்பேட்டைக்கும், அங்கிருந்து கோலாருக்கோ பெங்களூருக்கோ செல்ல வேண்டும். ஊசி போடப்படுகிறது. வீக்கம் வடிகிறது. ஊர் திரும்புகிறார்கள். அடுத்த ரத்தக்கசிவு வரும் வரையில் அவனுக்கும் மருத்துவத் துறைக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் அவனது முழங்கால் வீணாகிறது. இதைப்பற்றி நமது சுகாதாரத் திட்டங்கள் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஹீமோபிலியா பரம்பரையாக வரும் நோய். பெரும்பாலும் ஆண்களையே தாக்கும். ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளில் எட்டாவதோ ஒன்பதாவதோ குறைவாக இருப்பதுதான் இதற்குக் காரணம். வெளிக்காயத்தைவிட ஆபத்தானது உள்ளே நிகழும் கசிவு. முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளில் மீண்டும் மீண்டும் ரத்தம் கசியும்போது குருத்தெலும்பு அரிக்கப்பட்டு மூட்டு மடங்கிப்போகிறது. ஃபேக்டர் என்று நோயாளிகள் அழைக்கும் உறைவுக்காரணி ஊசி இன்று பல மாநிலங்களில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. எமிசிசுமாப் என்ற புதிய தடுப்பு மருந்தை 18 வயதுக்கு உட்பட்ட நோயாளிகளுக்கு வழங்க கேரள அரசு 2024-இல் முடிவெடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து ரத்தக்கசிவை நிறுத்திய செய்தியை உலக மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். இவையெல்லாம் பெருமைக்குரிய முன்னேற்றங்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால், ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையே நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. "ஓடாதே, ஆடாதே" என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் ஏராளம். அடிபட்டுவிடுமோ என்ற பெற்றோரின் அச்சம் இயல்பானது. ஆயினும், அசையாமல் உட்கார்ந்தே வளரும் பிள்ளையின் தசைகள் மெலிகின்றன. மூட்டைத் தாங்கிப் பிடிக்க வலுவில்லாமல் போகிறது. உடல் எடை கூடுகிறது. ஏற்கெனவே பழுதடைந்த முழங்கால் அந்த எடையையும் சேர்த்துச் சுமக்கிறது. நீச்சலும் நடையும் முறையான உடற்பயிற்சியும் இந்நோயாளிகளுக்கு நன்மை தரும் என்று மருத்துவ உலகம் இன்று வலியுறுத்துகிறது. மோதி விளையாடும் ஆட்டங்களைத் தவிர்த்தால் போதும்.

எடையில் அரசின் கணக்கும் அடங்கியிருக்கிறது. ஃபேக்டர்-8 மருந்தின் அளவு பொதுவாக நோயாளியின் எடையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. கிலோவுக்கு ஒரு யூனிட் செலுத்தினால் ரத்தத்தில் காரணியின் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் உயரும். அதை 40 சதவீதம் உயர்த்த வேண்டுமென்றால் 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,000 யூனிட் தேவை. அவரே 75 கிலோ ஆகிவிட்டால் 1,500 யூனிட் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மடங்கு செலவு. போதாக்குறைக்கு, ஹீமோபிலியா உள்ளவருக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் அதிகரிக்கிறது. பல் துலக்குவதில் காட்டும் அலட்சியம்கூட ஈறில் ரத்தக்கசிவாக முடியும். வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் ஆஸ்பிரின் மாத்திரை ரத்தப்போக்கை மேலும் தூண்டும்.

இத்தனையையும் ஒரு நோயாளிக்கு யார் எடுத்துச் சொல்வது? அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். அதற்குள் மூட்டைப் பார்த்து, ஊசிக்கு எழுதிக் கொடுப்பதே பெரிய காரியம். மருத்துவரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் வேண்டுமென்றே சொல்லாமல் விடுவதில்லை. சொல்ல அவருக்கு நேரமில்லை.

இதற்குத்தான் கூட்டு மருத்துவச் சந்திப்பு என்ற முறை ஒரு வழியைக் காட்டுகிறது. அமெரிக்காவில் 1990-களில் பரவத் தொடங்கிய ஏற்பாடு இது. ஒரே நோயுள்ள பத்துப் பேர் அளவில் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒன்றாக அமர்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் மருத்துவர் அவர்களுடன் இருக்கிறார். எடையும் ரத்த அழுத்தமும் பதிவு செய்யப்படுகின்றன. பிறகு ஒவ்வொருவரின் நிலையையும் மற்றவர்கள் முன்னிலையிலேயே கேட்டு, மருத்துவர் ஆலோசனை கூறுகிறார். ஒருவர் கேட்கும் கேள்விக்கான பதில் பத்துப் பேருக்கும் பயன்படுகிறது. உடலைப் பரிசோதிக்க வேண்டியவர்களைத் தனியறையில் பார்க்கிறார். இது வெறும் சொற்பொழிவுக் கூட்டம் அல்ல. முறையான மருத்துவ ஆலோசனையே பலர் முன்னிலையில் நடக்கிறது.

இது மேலைநாட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்று ஒதுக்கிவிட முடியாது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில், குளுகோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோய் உள்ள 1,000 பேரைக்கொண்டு இம்முறை பரிசோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் வழக்கம்போல் மருத்துவரைத் தனித்தனியே சந்தித்தனர். மற்றொரு பிரிவினர் ஐந்து ஐந்து பேராகச் சந்தித்தனர். 2023-இல் வெளியான முடிவுகளின்படி, குழுவாகச் சந்தித்தவர்களே நோயைப்பற்றி அதிகம் அறிந்திருந்தனர். மருந்தையும் ஒழுங்காகப் பயன்படுத்தினர். கூடுதல் மனநிறைவும் அடைந்தனர். குளுகோமா வலியின்றிப் பார்வையைப் பறிக்கும் நோய். இன்று தொந்தரவு தெரியாததால் அக்கறை குறையும் என்பதே அதிலுள்ள சிக்கல். கசிவு நின்றதும் மூட்டை மறந்துவிடும் ஹீமோபிலியா நோயாளிக்கும் அதே சிக்கல்தான்.

ஹீமோபிலியாவைப் பொருத்தவரையில் இந்த அணுகுமுறைக்குக் கர்நாடகத்திலேயே அடித்தளம் உண்டு. தாமும் ஹீமோபிலியா உள்ளவரான மருத்துவர் சுரேஷ் ஹனகவாடி, தாவணகெரேயைத் தலைமையிடமாகக் கொண்டு கர்நாடக ஹீமோபிலியா சங்கத்தை வளர்த்தெடுத்தார். நோயாளிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு அந்தச் சங்கம் ஒரு சான்று. மடங்கிய முழங்காலுடன் வரும் நாற்பது வயதுக்காரர் ஒருவர், "இந்தப் பயிற்சியை அன்றே செய்திருந்தால் எனக்கு இந்த நிலை வந்திருக்காது" என்று ஒரு சிறுவனிடம் கூறுவாரானால், அந்தச் சொல்லுக்கு உள்ள வலிமை எந்தத் துண்டுப் பிரசுரத்துக்கும் கிடையாது. மகனுக்கு நோயைத் தந்துவிட்டோமே என்று குற்ற உணர்வில் குமையும் தாய், அதே நிலையில் உள்ள இன்னொரு தாயைச் சந்திப்பதும் ஒரு மருந்துதான்.

கோலார் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 15.36 லட்சம். ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஹீமோபிலியா 'ஏ' வகை இருக்கும் என்ற பொதுக் கணக்கை வைத்துப் பார்த்தால், மாவட்டத்தில் நூற்றைம்பது பேர் அளவில் இருக்க வேண்டும். ஒரு வட்ட மருத்துவமனைக்கு இது சிறு எண்ணிக்கை. மாவட்ட மருத்துவமனையில் மாதம் ஒரு நாள் ஒதுக்கினால் நடத்திவிடக்கூடிய எண்ணிக்கையும் அதுவே. கருவுற்ற தாய்மார்களுக்காக ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி நாடெங்கும் பரிசோதனை நடத்தும் திட்டத்தை மத்திய அரசு 2016-இல் கொண்டுவந்தது. நாள் குறிப்பிட்டுவிட்டால் மக்கள் வருவார்கள் என்பதை அது காட்டியிருக்கிறது. ரத்தம் உறையாமை நோயாளிகளுக்கும் அப்படியொரு நாள் வேண்டும். ரத்தவியல் அறிந்த மருத்துவருடன் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், பல் மருத்துவர், உணவு ஆலோசகர் ஆகியோர் அன்று ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும்.

எதிர்ப்புகளும் உண்டு; அவற்றுக்கு விடை காண வேண்டும். முதலாவது, அந்தரங்கம். 1980-களில் சுத்திகரிக்கப்படாத ரத்தப் பொருள்கள் மூலம் உலகெங்கும் ஹீமோபிலியா நோயாளிகள் பலருக்கு எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சிக் கிருமிகள் தொற்றின. அத்தகைய விவரங்களைப் பலர் முன்னிலையில் பேச முடியாது. அவற்றைத் தனியறையில்தான் பேச வேண்டும். திருமணம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுபவர்களைக் குழுவில் சேருமாறு கட்டாயப்படுத்தவும் கூடாது. இரண்டாவது, மொழி. தங்கவயல் பகுதியில் தமிழில் பேசினால்தான் புரியும் குடும்பங்கள் ஏராளம். மூன்று மொழிகளிலும் பேசக்கூடிய செவிலியர் ஒருவர் இல்லாமல் அங்கு இந்த ஏற்பாடு பயன் தராது. மூன்றாவது, பயணச் செலவு. ஒருநாள் கூலியை இழந்து வருபவருக்குப் பேருந்துக் கட்டணமாவது தரப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவமனையில் ஃபேக்டர் கையிருப்பு இருக்க வேண்டும். மருந்து இல்லாத இடத்தில் உடற்பயிற்சியைப்பற்றி அறிவுரை கூறுவது நோயாளியைக் கேலி செய்வதற்கு ஒப்பாகும்.

சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்ற வழக்கமான பதிலைக்கொண்டு மத்திய அரசு இதிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. நாடாளுமன்றம் 2016 டிசம்பரில் நிறைவேற்றிய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவை மாற்றுத் திறன் வகைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அச்சட்டத்தின் 25-வது பிரிவு, அறிவிக்கப்படும் குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, குறிப்பாக ஊரகப் பகுதிகளில், அருகிலேயே இலவச மருத்துவ வசதி கிடைக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 'அருகிலேயே' என்ற சொல்லுக்குப் பூதிகோட்டையிலிருந்து பெங்களூரு என்று பொருள் கொள்ள முடியுமா என்பதை ஆட்சியாளர்கள்தான் விளக்க வேண்டும்.

தங்கவயல் மக்கள்பால் மத்திய அரசுக்குக் கூடுதல் கடமையும் உண்டு. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் தங்கம் தோண்டிய சுரங்கம், மத்திய அரசு நிறுவனமாக இருந்தபோதுதான் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. வேலையோடு, நிறுவனம் அளித்து வந்த மருத்துவ வசதியையும் அந்தக் குடும்பங்கள் இழந்தன. இன்று பிழைப்புக்காக விடியலிலேயே ரயிலேறி பெங்களூரு செல்லும் தகப்பன், மகனின் மூட்டுவலிக்காகவும் அதே ரயிலைத்தான் நம்ப வேண்டுமா?

அரவிந்த் மருத்துவமனையின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, கோலார் போன்ற சில எல்லை மாவட்டங்களில் ஹீமோபிலியா கூட்டு மருத்துவச் சந்திப்பைத் தேசிய சுகாதார இயக்கம் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். பெரிய கட்டடமோ, விலையுயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை. ஓர் அறை, பத்து நாற்காலிகள், மாதம் ஒரு நாள், அவசரம் காட்டாமல் பேச ஒரு மருத்துவர் ஆகியவை போதும். எத்தனை ஊசிகள் போடப்பட்டன என்பதோடு, எத்தனை பிள்ளைகள் நிமிர்ந்து நடந்து பள்ளிக்குச் செல்கிறார்கள் என்பதையும் அரசு கணக்கெடுக்கத் தொடங்கட்டும்.