24 டிஸ்க், 10 நாள் கெடு

ஒரு டிவி தொடரை முழு பாக்ஸ் செட்டாக வாங்குகிறவன் எதற்குக் காசு கொடுக்கிறான்? கதை பார்ப்பதற்கு என்றால் அதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. நினைத்த நேரத்தில், நினைத்த எபிசோடை, யாரையும் கேட்காமல் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்ற உறுதிக்குத்தான் அந்தக் காசு. அந்த உறுதியைத்தான் பெட்டியின் மேல் 'கம்ப்ளீட் சீரிஸ்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள். உள்ளே ஒரு டிஸ்க் ஓடவில்லை என்றால் அது கம்ப்ளீட் இல்லை. எல்கேஜி குழந்தைக்குக்கூட புரிகிற விஷயம். விற்றவர்களுக்குப் புரியவைப்பதற்குள்தான் நமக்குத் தாவு தீர்ந்துவிடுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். பாக்ஸ் செட்டில் இருக்கும் பழுது வெளியே தெரிய ஆகும் காலம் வேறு, கடைக்காரர் திருப்பிக் கொடுக்கத் தரும் கெடு வேறு. இரண்டுக்கும் நடுவில் வரும் நஷ்டம் மொத்தமும் வாங்கினவன் தலையில் விழுகிறது. அப்படி விழக்கூடாது.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தத் தொடர், எந்தக் கடை, எந்த கம்பெனி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் "அட, அவங்க எப்பவுமே அப்படித்தான்" என்று நாலு பேர் சொல்லிவிட்டுப் போவார்கள், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். 4 சீசன், 24 டிஸ்க், 96 எபிசோடு. விலை 5,760 ரூபாய். சீல் உடையாத புதுப் பெட்டி. திருப்பி அனுப்ப 10 நாள் கெடு.

ஒரு எபிசோடு 42 நிமிஷம். 96 எபிசோடுக்கு 4,032 நிமிஷம், அதாவது 67 மணிநேரத்துக்கு மேல். கெடுவுக்குள் எல்லா டிஸ்க்கையும் பார்த்து முடிக்க வேண்டுமென்றால் தினமும் கிட்டத்தட்ட ஆறே முக்கால் மணிநேரம் டிவி முன்னால் உட்கார வேண்டும். அதை வேலையாகச் செய்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் :-) நான் மனுஷன் மாதிரி ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு பார்த்தேன். 31-வது நாள், மூன்றாவது சீசனில் 14-வது எபிசோடு. இரண்டு சீசனாகக் காத்துக்கொண்டிருந்த ரகசியம் உடைகிற இடம். படம் கட்டம் கட்டமாகச் சிதறி அப்படியே நின்றுவிட்டது.

டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. வீட்டு பிளேயர், நண்பனின் பழைய லேப்டாப், பக்கத்து வீட்டு அண்ணாவின் பிளேயர் என்று மூன்றில் போட்டுப் பார்த்தாயிற்று. மூன்றிலும் அதே நிமிஷத்தில் நின்றது. கடைக்காரர் கெடு முடிந்துவிட்டது என்றார். வெளியிட்டவர்கள் கடைக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். பந்து இரண்டு பக்கமும் போய் வந்தது, டிஸ்க் மட்டும் வரவில்லை.

இது ஏதோ ஆயிரத்தில் ஒருவனுக்கு வந்த கெட்ட நேரம் என்று நினைத்தால், டிவிடி எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் பாருங்கள். டிவிடி என்பது ஒரே தகடு இல்லை. 0.6 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு பாலிகார்பனேட் தகடுகளைப் பசை போட்டு ஒட்டி 1.2 மில்லிமீட்டர் ஆக்குகிறார்கள். நடுவில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. பிளேயரின் லேசர் அந்தப் பூச்சில் பட்டுத் திரும்பினால்தான் படம். ஒட்டு சரியில்லை என்றால், பூச்சில் கோளாறு என்றால், உள்ளே காற்றும் ஈரமும் புகுந்து உலோகம் கெட ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் டிஸ்க் பளபளவென்றுதான் இருக்கும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. டிவிடியில் பிழை திருத்தும் ஏற்பாடு உண்டு. சின்னச் சின்னப் பிழைகளை பிளேயர் தானே சரிசெய்து காட்டிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதனாலேயே பழுது வளர்கிற காலத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது. திருத்த முடிகிற எல்லையைத் தாண்டுகிற அன்றைக்குத் திடீரென்று நின்றுவிடும். ஆக, இன்றைக்கு ஓடுகிற டிஸ்க் நல்ல டிஸ்க்தான் என்று வாங்கினவன் சத்தியம் பண்ண முடியாது. தயாரித்தவர் மட்டும்தான் பண்ண முடியும்.

இதற்குப் பெரிய உதாரணம் வார்னர் பிரதர்ஸ். 2006 முதல் 2008 வரை தயாரான அவர்களுடைய டிவிடிகள் பல, அலமாரியில் சும்மா இருந்தபடியே கெட்டுப்போவதாக அமெரிக்காவில் சேகரிப்பவர்கள் வருஷக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். பென்சில்வேனியாவின் ஒலிஃபன்ட் என்ற ஊரில் இருந்த சின்ராம் ஆலையில் அடித்த டிஸ்க்குகள் என்று அவர்களே துப்பறிந்து சொன்னார்கள். 2025 மார்ச்சில்தான் வார்னர் வாய் திறந்தது. அந்த ஆண்டுகளில் தயாரான சில தலைப்புகளில் பிரச்சினை இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. முடிந்தவரை மாற்று டிஸ்க் தருவோம், இப்போது அச்சில் இல்லாதவற்றுக்கும் உரிமை காலாவதியானவற்றுக்கும் பதிலாக அதே மதிப்புள்ள வேறொரு தலைப்பைத் தருவோம் என்றது.

ஒப்புக்கொண்டதற்கு ஒரு சபாஷ். பல கம்பெனிகள் அதுகூடச் செய்யமாட்டார்கள். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது. 'அதே மதிப்பு' என்றால் யாருக்கு அதே மதிப்பு? ஒரு தொடரின் மூன்றாவது சீசன் போய்விட்டது என்று நிற்கிறவனுக்கு அதே விலையில் ஏதோ ஒரு ஆக்‌ஷன் படத்தைக் கொடுத்தால் கணக்குப் புத்தகத்தில் வரவும் பற்றும் சரியாகிவிடும். அவன் அலமாரியில் ஓட்டை அப்படியே இருக்கும்.

அக்கவுண்டன்சி படிக்கிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவோம். 5,760 ரூபாயை 24-ஆல் வகுத்தால் ஒரு டிஸ்க்குக்கு 240 ரூபாய். ஒரு டிஸ்க் போனால் நஷ்டம் 240, மீதி 23 டிஸ்க் நன்றாக ஓடுகிறதே என்று ஒரு வாதம் வரும். எனக்கே ஒருத்தர் சொன்னார். ஜோடிச் செருப்பில் ஒன்று அறுந்தால் பாதி விலைதான் நஷ்டம் என்று யாராவது சொல்வோமா? மூன்றாவது சீசனின் நடுவில் நாலு எபிசோடு இல்லாத தொடரில், நாலாவது சீசன் டிஸ்க்குகள் என்னதான் நன்றாக ஓடினாலும் பாதி அர்த்தம் போய்விடும். பாக்ஸ் செட் ஒரே சரக்கு, 24 சரக்கு இல்லை. விற்கும்போது ஒரே சரக்கு என்று சொல்லித்தானே விலை போட்டார்கள்?

இத்தனை வருஷம் கழித்தெல்லாம் யார் பொறுப்பேற்பார்கள் என்று கேட்பீர்கள். ஏற்றிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் பிடிஓ என்ற ஆலை இருந்தது. 1988 முதல் 1993 வரை அங்கே தயாரான இசை சிடிக்கள் பல, பழுப்பேறி வெண்கல நிறமாக மாறிப் பாடாமல் போயின. மேல்பூச்சு சரியில்லை, உறைக் காகிதத்தில் இருந்த கந்தகம் உள்ளே போய் உலோகத்தைக் கெடுத்தது. அந்த ஆலை தவறை ஏற்று, பழுதான சிடிக்களைப் பல வருஷங்கள் மாற்றிக் கொடுத்தது. அதே ஆல்பம், புது சிடி. ரசிகர் கேட்டதும் அதுதான்.

டிஸ்க் நன்றாக ஓடியும் செட் பழுதாக இருக்க முடியும். டபுள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி என்று ஒரு அமெரிக்க நகைச்சுவைத் தொடர், 1978 முதல் 1982 வரை சிபிஎஸ்ஸில் வந்தது. கதை நடக்கும் இடமே ஒரு ராக் வானொலி நிலையம். உண்மையான பாடல்கள்தான் அதன் உயிர். 2007-ல் முதல் சீசன் டிவிடியாக வந்தபோது, பாட்டுகளின் உரிமைச் செலவு காரணமாகப் பல பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு இசையை ஒட்டினார்கள், சில காட்சிகளும் வெட்டுப்பட்டன. 2014-ல் ஷவுட் ஃபேக்டரி என்ற வேறொரு நிறுவனம் முழுத் தொடரையும் வெளியிட்டபோது பெரும்பாலான பாட்டுகள் திரும்பி வந்தன. 2007-ல் நம்பி வாங்கினவர்கள் என்ன செய்வார்கள்? மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். இளையராஜா பாட்டை உருவிவிட்டு ஒரு படத்தை 'முழுப் படம்' என்று விற்றால் நம்ம ஊரில் சும்மா விடுவோமா?

சட்டம் என்ன சொல்கிறது? பி.காம். பசங்க பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணி மறுநாள் மறந்துபோகிற 'கேவியட் எம்ப்டர்' ஞாபகம் இருக்கிறதா? வாங்குபவனே உஷாராக இரு என்ற விதி. அதற்கான விதிவிலக்குகளில்தான் நமக்கு வேலை. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 16-வது பிரிவு. ஒரு வகைச் சரக்கை வழக்கமாக விற்கிற வியாபாரியிடம் அதன் விவரிப்பை நம்பி வாங்கினால், சரக்கு விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. வாங்கினவர் சரக்கைப் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் அது பொருந்தாது. டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தெரியாத குறை அந்த விலக்கில் வராது.

ஆனால் சட்டம் முழுக்க நம் பக்கம்தான் என்று குதிக்கவும் முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான சரக்கைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. எத்தனை நாளுக்குள்? பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள். பில்லில் ஒன்றும் போடவில்லை என்றால் 30 நாள். அதாவது பில்லில் '10 நாள்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் இந்த விதியிலிருந்து கடைக்காரர் நழுவிக்கொள்ளலாம். நமக்கு மிஞ்சுவது பழுது என்ற அடிப்படையில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது. அதற்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் ஒரு டிஸ்க்குக்காக எத்தனை பேர் அங்கே படியேறுவார்கள்? ஏறமாட்டார்கள் என்பது தெரிந்துதான் '10 நாள்' என்று தைரியமாகப் போடுகிறார்கள்.

"இந்தக் காலத்துல யாருப்பா டிவிடி வாங்குறா, ஓடிடில பாரு" என்று கிளாஸில் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 டிசம்பரில் எச்பிஓ மேக்ஸ் தன்னுடைய சொந்தத் தொடரான வெஸ்ட்வேர்ல்டையே தன் தளத்திலிருந்து தூக்கியது. டிஸ்க் வைத்திருந்தவர்கள் வீட்டில் அது அப்படியே இருந்தது. டிஜிட்டலில் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினால்கூட கிடைப்பது உரிமம்தான். இதைத் தெளிவாகச் சொல்லாமல் அந்த வார்த்தையைப் போட்டு விற்கக்கூடாது என்று கலிஃபோர்னியாவில் சட்டமே போட்டார்கள், 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இப்படி இருக்கும்போது, சொந்தமாக வைத்துக்கொள்ள மிச்சம் இருக்கிற வழி டிஸ்க். அதிலும் ஓட்டை இருந்தால் ரசிகன் எங்கே போவான்? திருட்டு டவுன்லோடுக்குப் போவான். அப்புறம் "பைரசி பைரசி" என்று அழுவார்கள்.

கம்பெனி பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. நெட்ஃபிளிக்ஸே 2023 செப்டம்பரோடு தபால் டிவிடி சேவையை மூடிவிட்டது. சந்தை சுருங்குகிறது, பழைய டிஸ்க்கைத் திரும்ப அடிக்கச் செலவாகும், பாட்டு உரிமை கைமாறியிருக்கும். சரி. அதனால் நான் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒன்று, கெடுவைப் பெட்டிக்கு என்று வைக்காமல் பார்க்க ஆகும் நேரத்தைக் கணக்கில் வைத்துக் கொடுங்கள். 24 டிஸ்க்குக்கும் ஒரு டிஸ்க்குக்கும் ஒரே 10 நாள் என்பது என்ன நியாயம்? இரண்டு, பழுதான ஒரு டிஸ்க்கை மட்டும் மாற்றித் தர வழி வையுங்கள், முழுப் பெட்டியையும் அனுப்பச் சொல்லாதீர்கள். மூன்று, மாற்று டிஸ்க் தரவே முடியாது என்றால் பணத்தைக் கொடுங்கள், வேறு படத்தை நீட்டாதீர்கள். நான்கு, எந்த ஆலையில், எந்த மாதம் அடித்தது என்று பெட்டியில் போடுங்கள். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற விவரம் ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய் பெட்டியில் இருக்கக்கூடாதா?

வாங்குகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பில், பார்சல் தேதி, டிஸ்க் நிற்கும் இடத்தின் ஒரு சின்ன வீடியோ, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசினால் காற்றோடு போய்விடும். நான் எழுத்தில் கொடுத்துவிட்டேன், பதில் வரும்வரை விடப்போவதில்லை. 240 ரூபாய்க்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்டால், ஆமாம். இந்த 240 ரூபாயை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் மொத்த வியாபாரமும் ஓடுகிறது.