கழுத்து வலியும் கைப்பேசி ஒலியும்



அண்மையில் சேலையூரில் ஓர் இல்லத்தில் இரவு உணவுக்கு அமர்ந்திருந்தோம். அவ்வீட்டு மகன் தரமணியில் மென்பொருள் பணி புரிபவர். குழுவாகச் செய்யும் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்தளிக்க வேண்டும் என்ற கெடு. குளிர்காலத்தில் நியூயார்க்கில் காலை பத்து மணியாகும்போது நமக்கு இரவு எட்டரை. ஆகவே, உண்ணும் வேளையில் கைப்பேசி நான்கு முறை ஒலித்தது. அவர் அதைத் தொடவில்லை. எனினும், ஒவ்வோர் ஒலிக்கும் தோள்கள் செவியை நோக்கி உயர்ந்தன. மூச்சும் கணநேரம் நின்றது.

"எத்தனை தைலம் தடவியும் கழுத்து வலி தீரவில்லை, சாமி" என்றார் தாயார்.

தைலம் என்ன செய்யும்? ஆபத்து என்று மனம் கருதியதுமே, சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகள் உடலை ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தம் செய்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து கடந்ததும் எல்லாம் தணிய வேண்டும். செய்திகளோ தணிய விடுவதில்லை. கலிபோர்னியாவில் குளோரியா மார்க் என்னும் ஆய்வாளர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலர் 13 பேர் ஐந்து நாள் மின்னஞ்சலின்றிப் பணி செய்தனர். மின்னஞ்சல் இருந்த நாள்களில் அவர்தம் இதயம் ஓயாத எச்சரிக்கை நிலையில் துடித்தது. அது இல்லாத நாள்களில், நலமுள்ள இதயத்திற்குரிய இயல்பான ஏற்ற இறக்கம் திரும்பியது.

"கைப்பேசியை அணைத்து வைக்கலாகாதா?" என்று கேட்டோம். "எல்லாரும் விழித்திருக்க நான் மட்டும் உறங்கினால், பழி என்மேல்தான் விழும், ஃபாதர்" என்றார். உண்மைதான். குழு கூடி இசையாத ஓய்வு, தனியொருவருக்கு ஓய்வாகாது. பிரான்சு நாட்டில் 2017 சனவரி முதல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் இதுபற்றித் தொழிலாளருடன் பேசித் தீர்க்கவேண்டும் எனச் சட்டமே உள்ளது.

நிறுவனங்களைக் குறைகூறியவாறே பங்கு இல்லம் திரும்பினோம். அங்கே, திருவிழாக் குழுவுக்கு நாம் அனுப்பியிருந்த செய்திகள் கண்ணில் பட்டன. "பாடகர் பட்டியல் காலைக்குள் வேண்டும்" - இரவு பதினொன்றரை மணி! "சரி ஃபாதர்" என்று பதினொன்றே முக்காலுக்குப் பணிவுடன் விடையளித்திருந்தவர் அதே இளைஞர்.

அடுத்த ஞாயிறன்று குழுவைக் கூட்டினோம். இரவு ஒன்பதுக்குப் பின் எச்செய்தியும் அனுப்பலாகாது. நோயில்பூசுதல் போன்ற அவசரத்திற்கு எந்நேரமும் அழைக்கலாம் என முடிவாயிற்று. முதல் வாரத்தில் அதை மீறியவர் ஒருவரே, இருமுறை மீறினோம்.